எட்டடி கேட்டவர்

டேப்பை முதலில் பைக்குள் வைங்க சார். அளப்பதெல்லாம் அப்புறம். என்னைக் கேட்காமல் என் இடத்தில் ஒருத்தர் டேப்பை நீட்டினால் எனக்குக் கை பரபரக்கும். உட்காருங்க. அதில் வேண்டாம், அதில் ஸ்பிரிங் வெளியே வந்திருக்கு. பேன்ட் கிழிந்தால் அந்தப் பழியும் என் தலையில் விழும். இந்த சீட்டில் உட்காருங்க. நேற்றுதான் வண்டியிலிருந்து கழற்றினோம். ஏதோ டாக்டர் வீட்டு வண்டியாம், ஒரு கறை கிடையாது.

நான் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

நீங்க யாரென்று தெரியும். ஃபுளோரா டீச்சர் காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் நேரில் வந்து சொல்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன், பாருங்க. "டிரஸ்ட்டிலிருந்து புது இன்ஜினியர் வர்றார் குணசுந்தரி, கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க" என்றாங்க. பொறுமையாம். இந்தப் புதுப்பேட்டைச் சந்தில் பழைய வண்டி வாங்கிப் பிரித்து விற்கிற ஒரே பொம்பளை நான். பொறுமையாக இருந்திருந்தால் இந்நேரம் என்னையே பிரித்து விற்றிருப்பாங்க.

எதற்கு வந்திருக்கீங்க என்பதும் தெரியும். அதோ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் என் பட்டறை. உங்களுக்கு என் இடத்தில் கொஞ்சம் வேணும். சரிதானே. எவ்வளவு என்று இப்போ சொல்லாதீங்க. நான் கேட்கும்போது சொன்னால் போதும். அதற்கு முன்னாடி ஒரு விஷயத்தில் எனக்கு நியாயம் தெரியணும். உங்களுக்கு முன்னாடி பிளான் போட்டாரே, நன்மாறன், அந்தத் தம்பி எனக்குச் செய்தது சரியா என்று ஒரு மூன்றாம் மனுஷர் சொல்லணும். சந்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்றாங்க. ஃபுளோரா டீச்சர் ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்க்கிறாங்க. அது அதைவிட மோசம்.

ஏழுமலை, அந்தப் பம்பரை வழியில் போடாதே. மணியடிக்கிற நேரம், பிள்ளைங்க வரும்.

என்ன சொல்லிட்டிருந்தேன். ஆமாம், இந்தச் சந்து. உள்ளே வரும்போதே பார்த்திருப்பீங்க. ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் இன்னொன்று ரிவர்ஸில்தான் வெளியே போகணும். இந்தப் பக்கம் பேரிங் கடை, அந்தப் பக்கம் கண்ணாடிக் கடை, கடைக்கு மேலே குடித்தனம், அந்தக் குடித்தனத்துக்கு மேலே தகரம் போட்டு இன்னொரு குடித்தனம். நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி பள்ளிக்கூடம். முன்னாடி ஓட்டுக் கட்டடம், எட்டாவது வரைக்கும்தான். எட்டாவது முடித்தால் பையன்கள் எங்கேயாவது பஸ் பிடித்துப் போயிடுவாங்க. பெண் பிள்ளைங்க சிலது போகும், சிலது நிற்கும். என் பெரியவள் சுகந்தி நின்றுவிட்டாள். கொஞ்ச நாள் பஸ்ஸில் போனாள், கூட்டத்தில் ஏதோ நடந்ததாகச் சொல்லி அழுதாள், அப்புறம் போகவில்லை. அவள் நல்லா இருக்கா. திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்தேன், வயசு கொஞ்சம் முன்னே பின்னே, ஆனால் நல்லா இருக்கா. அந்தக் கதை இப்போ எதற்கு.

சின்னவள் பிரதீபா. அவளுக்காகத்தான் இத்தனையும் என்று சந்தில் சொல்வாங்க. நம்பாதீங்க. நான் பொதுக் காரியத்துக்காகத்தான் செய்தேன்.

டிரஸ்ட்காரங்க கூட்டம் போட்டாங்க. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போகிறோம், மேல் மாடியில் ஒன்பதும் பத்தும் வரும், பெண் பிள்ளைங்க சந்தை விட்டே போக வேண்டாம் என்று சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம். உடனே பேரிங் கடை கஃபூர் பாய் எழுந்து, எல்லா வகுப்புக்கும் மின்விசிறி என் செலவு என்றார். அதற்கும் கை தட்டினாங்க. தட்டட்டும். ஆனால் உட்காரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார் சார். ஒரு பார்வை. அப்புறம் ஃபுளோரா டீச்சர், எல்லாம் சரி, இடம்தான் கொஞ்சம் பத்தாது, பக்கத்தில் யாராவது விட்டுக் கொடுத்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னாங்க. நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்றே தெரியாது. "இடம் நான் தர்றேன். விலைக்கு இல்லை, தானமாத் தர்றேன். விசிறி சுத்தணும்னா முதல்ல சுவர் நிக்கணும்ல பாய்" என்றேன். கூட்டமே சிரித்தது. பாயும் சிரித்தார், வேறு வழி.

மறுநாள் வந்தார் நன்மாறன். ஆர்க்கிடெக்ட் என்றால் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இவர் ஒல்லியாக, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, செருப்பு போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஏதோ ஹெட்லைட் வாங்க வந்தவர் என்று நினைத்து, என்ன மாடல் என்று கேட்டேன். சிரிக்காமல், "பள்ளிக்கூடம்ங்க" என்றார்.

வண்டி பானெட் மேல் படத்தை விரித்தார். பொறுமையாகச் சொன்னார், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். இந்த மனையில் கட்டடம் எழுந்தால் தரையில் கை அகலம் மிஞ்சாது. பிள்ளைங்க வகுப்பை விட்டால் நிற்க இடம் இல்லை. மொட்டை மாடியில் விடலாம் என்றால் சுற்றிலும் கரண்ட் கம்பி. அதனால் படிக்கட்டைத்தான் மைதானமாக வைத்திருக்கிறேன் என்றார். எனக்குப் புரியவில்லை. உங்க சுவர் ஓரமாக அகலமான படிக்கட்டு வருது, ஒரு பாதியில் ஏறுவாங்க இறங்குவாங்க, மறு பாதியில் பெரிய பெரிய படி, அதில் உட்கார்ந்து சாப்பிடுவாங்க, படிப்பாங்க, அரட்டை அடிப்பாங்க, ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிய ஜன்னல் என்றார்.

"படியில உட்கார்ந்தா அதுல எப்படித் தம்பி ஏறுறது?"

"ரெண்டும் செய்யலாம்ங்க. அதுக்குத்தான் எட்டடி கேக்கறேன்" என்றார். என் மூஞ்சியை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

சார், நீங்க படித்தவர், உங்களுக்கு இது தெரியாது. இந்த ஊரில் எட்டு என்று ஒருத்தன் சொன்னால் அவனுக்கு வேண்டியது நாலு. இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனதும் இந்தப் பட்டறையைத் திறந்து உட்கார்ந்தேன் பாருங்க, அப்போ கற்றது. பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்று விற்க வந்தவன் ரெட்டை விலை சொன்னான், வாங்க வந்தவன் அரை விலை கேட்டான். நானும் முதலில் கேட்டதைக் கொடுத்தேன், சொன்னதை வாங்கினேன். வீட்டுச் சட்டி பானை வரைக்கும் போச்சு. அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் பாதியில் வெட்டித்தான் பழக்கம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால்கூட, இதில் பாதி போதுமா என்று கேட்பேன். பிரதீபா தலையில் அடித்துக்கொள்வாள்.

அதனால் ஐந்து என்றேன்.

என்ன செய்யணும் அந்த மனுஷன்? "என்னங்க இப்படிச் சொல்றீங்க, ஏழரையாவது குடுங்க" என்று சொல்லணுமா இல்லையா? நான் ஐந்தரை என்பேன், அவர் ஏழில் நிற்பார், ஒரு டீ சொல்வேன், கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் ரெண்டு பேரும் சலித்துக்கொண்டே கை கொடுப்போம். அதுதானே மரியாதை. இவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பென்சிலால் எதையோ தொட்டார். "சரிங்க" என்றார்.

சரிங்க. அவ்வளவுதான்.

கேட்ட மாத்திரத்தில் ஒருத்தன் சரி என்றால், நீங்க ஏமாந்துட்டீங்க என்று அர்த்தம். அவனுக்கு அதற்குக் கீழேயே கட்டுப்படியாகும். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கஸ்டமரை இல்லாததும் பொல்லாததும் பேசி அனுப்பினேன்.

அடுத்த வாரம் புதுப் படத்தோடு வந்தார். உட்காருகிற படி பாதி போயிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவர் மூஞ்சியைத்தான் பார்த்தேன். "தம்பி, எனக்கு இன்ஜின் இறக்க இடம் பத்தாது போலிருக்கு. நாலு வச்சுக்கலாம்" என்றேன். நாலுக்கு அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"நாலுன்னா வெறும் படிக்கட்டுதான்மா இருக்கும். யாரும் உட்கார முடியாது."

"படிக்கட்டுன்னா அதுதானே."

"சரிங்க."

எங்கே வலிக்குது என்று பார்க்கத்தான் சார் நான் குறைத்தேன். சத்தியமாக அதற்குத்தான். ஒரு இரும்பு நல்லதா கெட்டதா என்று தட்டித்தானே பார்ப்போம். தட்டினால் சத்தம் வரணும். இந்த ஆளைத் தட்டினால் சத்தமே வரவில்லை. அதற்கப்புறம் வந்தபோது மூன்று என்றேன். இன்ஜினும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை, ஒரு காரணமும் சொல்லவில்லை. மூன்று, அவ்வளவுதான். பென்சிலைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். அப்பாடா, இப்போ வாய் திறக்கப் போகிறார் என்று எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. எட்டு வரைக்கும் ஏறிப்போகத் தயாராகத்தான் நின்றேன்.

"இடம் உங்களுது. தானம் குடுக்கறவங்ககிட்ட என்னால பேரம் பேச முடியாதுங்க" என்றார். படத்தைச் சுருட்டினார். போய்விட்டார்.

இப்போ சொல்லுங்க. இது நியாயமா? ஒருத்தியை இப்படி நடுவில் நிறுத்திவிட்டுப் போவதா? நானாகக் கூப்பிட்டு, இல்லை தம்பி எட்டே எடுத்துக்கோ என்று எப்படிச் சொல்வது? சொன்ன சொல்லிலிருந்து நான் மேலே ஏறினேன் என்று தெரிந்தால் நாளைக்கு இந்தச் சந்தில் எவன் எனக்கு பயப்படுவான்? கேட்டால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

கேட்டார், ஒரு தடவை கேட்டார். ஒரு தடவை கேட்பதெல்லாம் கேட்பதா?

மூன்றடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். வாசலில் கல் வைத்திருக்காங்க, பார்த்தீங்களா? இடம் உபயம் என்று போட்டு என் பேர். கஃபூர் பாய் பேர் விசிறி இறக்கையில்தான் இருக்கு, சுத்த ஆரம்பித்தால் படிக்க முடியாது.

மணி அடிச்சாச்சு. இருங்க, இதோ வரும் பாருங்க கூட்டம். ஏய், செருப்பைக் கழற்றாமல் நட. எண்ணெய் கிடக்கு, பார்த்து. அந்த நீல சீட்டில் நாலு பேருக்கு மேல் உட்காராதே. ஏழுமலை, தண்ணி கேனைத் திறந்து வை.

சாப்பிட வருதுங்க. அங்கே இடம் இல்லையே. கட்டடம் திறந்த புதிதில் படிக்கட்டில் ஒன்றன் கீழே ஒன்றாக வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும். இறங்குகிறவன் தாண்டித் தாண்டிப் போகணும். ஒரு நாள் ஒரு பையன் சாம்பாரை இன்னொருத்தி தலையில் கொட்டிவிட்டான். டீச்சர்கள் எழுப்பி விரட்டினாங்க. வகுப்பிலேயே சாப்பிடு என்றால் இதுகள் கேட்குமா? சந்தில் நின்றுகொண்டு தின்றதுகள், ஆட்டோ இடிக்கிற மாதிரி. அப்புறம் ஒவ்வொன்றாக இங்கே நுழைய ஆரம்பித்தது. நான் விரட்டத்தான் செய்தேன். இந்த சீட்டெல்லாம் வரிசையாக இருக்கே என்று பார்க்காதீங்க. நான் போடவில்லை. சும்மா கிடந்தது, கொஞ்சம் நகர்த்தினோம். மேலே இந்த ஷீட்டும் மழைக்குப் போட்டதுதான்.

அதோ அந்த ரெட்டைப் பின்னல்காரிதான் பிரதீபா. இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். பத்து நாளாக என்னோடு பேச்சு இல்லை. அதையும் சொல்கிறேன்.

மேல் மாடிக்கு அனுமதி வேணும் என்று பரிசோதனைக்கு ஆட்கள் வந்தாங்க. மணி அடித்தால் எல்லாப் பிள்ளைங்களும் எவ்வளவு சீக்கிரம் இறங்கி வெளியே வருது என்று பார்க்கணுமாம். நான் இங்கே நின்று பார்த்தேன். அந்த ஜன்னல் இருக்கு பாருங்க, கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதுதான் படிக்கட்டின் முதல் திருப்பம். பெரிய ஜன்னலாக வந்திருக்கணும், இடம் பத்தாமல் அப்படி ஆகிவிட்டது. மணி அடித்தது. சோதனைக்கென்று மேலே ஏற்றி வைத்த ஒரு கூட்டம், நடுவில் இருந்து ஒரு கூட்டம். அந்தத் திருப்பத்தில் வந்ததும் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு இல்லை. யாரோ ஒரு குட்டி அழுதது. கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. அந்தக் கையில் சிவப்புக் கயிறு. நான் கட்டிவிட்ட கயிறு.

"தள்ளாதீங்கடி, வரிசையா வாங்கடி" என்று இங்கிருந்து கத்தினேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. ஒருத்தர் பின்னால் ஒருத்தர் வந்தால் என்ன கேடு. சுவரில் ஏறிக்கூடப் பார்த்தேன், ஏழுமலைதான் இழுத்துப் பிடித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. டீச்சர்கள் கீழே இருந்து ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாங்க. ஆனால் வந்த அதிகாரி, இந்தப் படியை நம்பி மேல் மாடியில் வகுப்பு வைக்க முடியாது, இன்னொரு படி போட்டால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மேல் மாடியைப் பூட்டியாச்சு. ஒன்பதாவது இல்லை.

டிரஸ்ட்டில் கூட்டம் போட்டாங்க. பெற்றோர் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். நன்மாறனை நிற்க வைத்து, படியை ஏன் இவ்வளவு குறுகலாகப் போட்டீங்க என்று கேட்டாங்க. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். இந்தம்மா மூன்றடிதான் கொடுத்தாங்க என்று அவர் சொல்லுவார், நான் எழுந்து, நீ ஏன்யா கேட்கவில்லை என்று ஒரு பிடி பிடிக்கணும் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இருந்த இடத்துல போட்டேன்ங்க" என்றார்.

என் பேரை எடுக்கவில்லை. என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்க பக்கத்திலேயே இருக்கீங்க, படி குறுகல்தானே என்றார். நான் என்ன சொல்வேன்? குறுகல்தான் என்றேன். குறுகலை அகலம் என்றா சொல்ல முடியும்? ஃபுளோரா டீச்சர் அப்போதான் என்னை அப்படிப் பார்த்தாங்க. அன்றோடு அவரை மாற்றிவிட்டாங்க.

போகும்போது இந்த வழியாகத்தான் போனார். நான் இங்கேதான் நின்றேன். திட்டட்டும், நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றேன். "வர்றேம்மா" என்றார். அந்த சீட்டுகளைப் பார்த்தார். பிள்ளைங்க இங்கயா சாப்பிடறாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிட்டார். இதைவிடப் பெரிய அவமானத்தை எனக்கு யாரும் செய்ததில்லை.

பிரதீபா விஷயம் கேட்டீங்களே. கேட்கவில்லையா, சரி, நானே சொல்கிறேன். ஒன்பதாவதுக்கு எங்கே சேர்க்கலாம் என்று பத்து நாளைக்கு முன்னாடி பேச்சு எடுத்தேன். பக்கத்தில் எங்கேயும் இடம் இல்லை, பஸ்ஸில்தான் போகணும், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் வண்டி டோரைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கும்மா, நான் எட்டாவதோட நின்னுக்கறேன். கடையைப் பாத்துக்கறேன். அக்காவும் நின்னுச்சு, நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அடித்துவிட்டேன் சார். இந்தக் கையால்தான். அவளை நான் அடித்ததே கிடையாது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? சுகந்தி நல்லாத்தான் இருக்கா. நானே ஊரெல்லாம் சொல்கிறேன். எதற்கு அடித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. எனக்கும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ராத்திரி பகல் தெரியவில்லை. வருகிற கஸ்டமரிடம் பேரம்கூட சரியாக வர மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒருத்தன் கேட்ட விலைக்கு ஒரு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டேன். ஏழுமலை என்னைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா அக்கா என்றான்.

சரி. இப்போ சொல்லுங்க. ரெண்டாவது படிக்கு எவ்வளவு வேணும்?

எட்டா.

எட்டடி வேணுமா. சிரிக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்காதீங்க. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீங்க சார். எட்டு என்று சொல்லும்போது உங்க கண் என் மேலே இல்லை, சுவர் மேலே இருந்தது. ஏற்றிச் சொல்கிறவன் பொருளைத்தான் பார்ப்பான். எத்தனை வருஷம் இந்தப் பட்டறையில் நின்று எத்தனை பேர் மூஞ்சியைப் பார்த்திருப்பேன். உங்களுக்கு வேண்டியது நாலு. இந்தம்மா பாதியில் வெட்டும், நீங்க எட்டில் ஆரம்பிங்க என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. ஃபுளோரா டீச்சராகத்தான் இருக்கும். இல்லையென்று தலையை ஆட்டாதீங்க, காது சிவந்துபோச்சு.

கெட்டிக்காரத்தனம்தான். எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களோடு பேசினால் நல்லா பொழுது போகும்.

அந்தத் தம்பி என் மூஞ்சியைப் பார்த்துத்தான் எட்டு என்றார். முதல் நாளே. நேராகப் பார்த்து. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான்...

ஏழுமலை, அந்தப் பானெட்டையெல்லாம் சுவரோரத்திலிருந்து எடு. இன்றைக்கேதான். எங்கே வைப்பது என்று என்னைக் கேட்காதே, தெருவில் வை, என் தலையில் வை.

எடுத்துக்கோங்க சார், எட்டு. சுவர் நீளத்துக்கும் எட்டு. என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நாலு போதும் என்று இப்போ சொல்லக் கூடாது. கேட்டது நீங்க. வாய் விட்டுக் கேட்டுவிட்டு இந்தப் பட்டறையிலிருந்து யாரும் பின்வாங்கிப் போனது கிடையாது. நாலில் பிள்ளைங்க இறங்கட்டும். மிச்ச நாலில் உட்காரணும். பெரிய பெரிய படியாக, சாப்பிடுகிற மாதிரி, படிக்கிற மாதிரி, ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு முதுகைத் திருப்பி உட்காருகிற மாதிரி. ஜன்னல் இவ்வளவு பெரிசு. கம்பி இடுக்கில் கை மாட்டக் கூடாது. ஜூனில் ஒன்பதாவது திறக்கணும். படி முடியவில்லை, சிமென்ட் காயவில்லை என்று கதை சொன்னால் நான் டிரஸ்ட் வாசலில் வந்து நிற்பேன், அப்புறம் தெருவே வேடிக்கை பார்க்கும்.

இன்னொன்று. படம் நீங்க போடக் கூடாது. கோபப்படாதீங்க, நீங்க நல்லவர்தான், பொய் சொன்னால் காது சிவக்கிற ஆள் கெட்டவராக இருக்க முடியாது. ஆனால் உங்களுக்கு அந்தப் படி தெரியாது. அவருக்குத்தான் தெரியும். எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிங்க. டிரஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்றால், இடம் கொடுக்கிறவள் சொல்கிறாள், அவர் இல்லாமல் இடம் இல்லை என்று தலைவரிடம் சொல்லுங்க. படி ஏன் குறுகல் என்று திரும்பக் கேட்டால் அதற்கு நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவரையும் சும்மா கூட்டி வர வேண்டாம். எட்டு கொடுக்கிறேன் என்று நீங்க முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. அவர் வந்து இங்கே நின்று என்னைக் கேட்கணும். நான் ஐந்துதான் என்பேன். இருப்பது கொஞ்ச இடம், தொழில் என்ன ஆகிறது என்று கத்துவேன், ஒரு ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டாலும் போடுவேன். அதற்கெல்லாம் அவர் சரிங்க என்று சொல்லக் கூடாது. முடியாதும்மா, எட்டு வேணும் என்று ஒரு தடவை சொல்லணும். நான் ஐந்தரை என்பேன், அப்பவும் எட்டு என்று சொல்லணும். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். கொஞ்சம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வாங்க சார்.